கல் உடைக்கும் கைகள்
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கையால் வாங்கப்படும் மருந்துகளைப் பற்றி ஆண்டுதோறும் உங்களிடம் பேசுகிறோம். இம்முறை மருந்து எட்டாத ஒரு காரியத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

கல்குவாரியில் பாடுபடுகிறவர்களுக்கு இருமலும் மூச்சிரைப்பும் ஏன் விடுவதில்லை? பாறையைத் துளைக்கும்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா துகள்கள் உண்டு. அவை நுரையீரலில் தங்கி அதைத் தழும்பாக்கிவிடுகின்றன. சிலிக்கோசிஸ் என்னும் இந்நோயைக் குணமாக்க மருந்து கிடையாது. இந்நோய் வந்தவரைக் காசநோயும் எளிதில் பற்றிக்கொள்ளும். தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசி பெரிதும் அடங்கும். அவ்வளவுதான், பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் முன்பணம் வாங்கிக் கடனில் கட்டுண்டவர் குத்தகைதாரரிடம் போய்த் தண்ணீர் கேட்பாரா?

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்தது. என்றாலும் அதற்குப் பிறகும் நம் புதுக்கோட்டை மாவட்டக் குவாரிகளில் ஏழைப் பெண்கள் பலர் அப்படியே உழைத்தார்கள். 1991-ஐ ஒட்டி, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த நாட்களில், குவாரிகள் பல அந்தப் பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டன. அறிவொளி இயக்கத்தில் அவர்கள் எழுத்தும் கணக்கும் சைக்கிளும் பழகிய காலம் அது. பாறை மாறவில்லை, சம்மட்டியும் மாறவில்லை. ஆனால் உழைப்பின் பலன் அவர்கள் கைக்கு வந்தது, வருமானம் கூடியது. அரசுக்கு வரும் தொகையும்கூட உயர்ந்தது! பழைய குத்தகைதாரர்கள் எதிர்த்தார்கள். சில ஆண்டுகளில் குவாரிகள் மீண்டும் அவர்கள் பக்கமே போய்விட்டன. இதைச் சொல்ல எங்களுக்கு வருத்தமாகவே இருக்கிறது.

குத்தகை கிடைத்ததால் தூசி நின்றுவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. எப்போது ஓய்வெடுப்பது, காய்ச்சலோடு வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதைத் தாங்களே முடிவு செய்ய ஒரு வழி பிறந்தது என்கிறோம். அந்த வழி இல்லாதவரைக் குணப்படுத்தி அனுப்பினாலும், அதே தூசிக்குள்தானே அனுப்புகிறோம்?

"ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் கூலி விவரம் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸ் காசநோயைப் போலவே தோன்றலாம். வேலையைப் பற்றி விசாரிக்காவிட்டால் தவறான மருந்தை மாதக்கணக்கில் கொடுத்துவிடுவோம். பிற்பாடு நஷ்டஈடு கேட்பதற்கும் அந்த விவரம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆகவே பெயர், வயது எழுதியதும் நாங்கள் கேட்பது இதுதான்: என்ன வேலை, எத்தனை வருஷம், முன்பணம் ஏதும் உண்டா?