வீட்டுத் தோட்டத்தில் முதற்பட்டம்



பயிர்த்தொழிலின் மேன்மையை மாணாக்கர்க்குப் பல்லாண்டு போதித்த யாம், மண்வெட்டியைக் கையில் எடுத்தது சென்ற ஆடித் திங்களிலேதான். கொல்லையில் ஒரு பாத்தி கட்டி வெண்டை விதைத்தோம். வேலியோரம் பூசணி விதை இரண்டு ஊன்றினோம்.

வெண்டை 45 நாட்களிற் காய்த்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டுமென்பதை அறியாமையால், பாதிக் காய்கள் முற்றி நாராயின. பூசணியோ நாடோறும் பூத்து, பூத்தவையெல்லாம் உதிர்ந்தன. பயனற்ற கொடியென வெகுண்டு ஒன்றைப் பிடுங்கி எறிந்தோம். மற்றதன்மேற் கைவைக்கும்போது, அண்டை வீட்டு மூதாட்டியார் ஓடிவந்து தடுத்தார்.

"வாத்தியாரையா, முதலில் வருவது ஆண்பூ, அது உதிரத்தான் செய்யும். அடியில் பிஞ்சோடு பெண்பூ பின்னால் வரும். கொஞ்சம் பொறுங்கள்" என்றார்.

அவ்வண்ணமே பெண்பூக்கள் தோன்றின. தேனீ வரவு குறைந்திருந்தமையால், அவர் காட்டியபடி, விடியற்காலையில் ஆண்பூவைக் கொய்து அதன் மகரந்தத்தைப் பெண்பூவில் தடவினோம். காய்கள் மூன்று திரண்டன.

அக்காய்களைக் காணுந்தோறும், பிடுங்கி எறிந்த கொடியே எம் நினைவுக்கு வருகின்றது. வகுப்பில் முதற்பருவத்திலேயே மந்தன் என்று யாம் கைவிட்ட பிள்ளைகளும் உடன் நினைவுக்கு வருகின்றனர்.

ஆதலின் அன்பர்களே, வரும் ஆடியில் இல்லந்தோறும் ஒரு பாத்தியேனும் இடுங்கள். அறிந்தாரைக் கேளுங்கள், நாடோறும் சென்று பாருங்கள். முதற்பூ உதிர்ந்ததென்று கொடியையும் பிள்ளையையும் கைவிடாதீர்கள்.