தாண்டிப்போகும் பாடங்கள்: அறிவியல் வகுப்பில் தீட்டும் பரம்பரையும்



சுவாமி சகஜானந்தரின் நினைவைப் போற்றும் இந்தக் கூட்டத்தில், பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திய ஒருவனைப் பேச அழைத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது வகுப்பறை. அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கடலூர் மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவன் நான். ஒரு நாள் மரபியல் பாடம். மெண்டலின் பட்டாணிச் செடியைப் பலகையில் வரைந்து முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், படிப்பு வராததும் ஜீன்லயே இருக்குமா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "உங்க வம்சத்துக்கே படிப்பு வராது" என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "அது சிலபஸ்ல இல்லப்பா, உட்காரு" என்றேன். அவன் உட்கார்ந்தான்.

இன்றைய என் பேச்சு முழுக்க அந்தப் பையனுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில்தான்.

நமது பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் இனப்பெருக்கம், மரபியல், உயிரின் தோற்றமும் பரிணாமமும் ஆகிய மூன்று பாடங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஆசிரியர்கள் அதிகம் தயங்குகிற பாடங்களும் இவைதான். நானும் இனப்பெருக்கப் பாடத்தை "வீட்ல படிச்சுக்கோங்க" என்று தாண்டியிருக்கிறேன். எந்த வீட்டில்? படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லாத வீட்டில்.

பரிணாமத்துக்கு எதிர்ப்பு என்றால் அமெரிக்காவில் நடக்கும் சண்டை என்று நினைத்திருந்தோம். 2018இல் ஒன்றிய அமைச்சர் ஒருவர் டார்வின் சொன்னது தவறு என்றார். குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததில்லை என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுத்தன. பிறகு என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதியே எடுக்கப்பட்டது. 2023இல் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் அந்தப் பாடம் இருக்கிறது. அச்சில் இருந்தால் போதாது, நடத்த வேண்டும்.

நடத்துவதற்கு வேண்டிய பொருளெல்லாம் நம் மண்ணிலேயே கிடக்கிறது. நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே நின்ற காடு. பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டு. அந்தக் கல்மரங்களைச் சுமந்திருக்கும் பாறைக்குப் புவியியலாளர் வைத்த பெயரே கடலூர் மணற்கல். பிச்சாவரத்தில் தண்ணீர் வற்றும் நேரம் போனால், முன் துடுப்பை ஊன்றிச் சேற்றில் நடக்கும் மீனைப் பார்க்கலாம். அது நம் மூதாதை அல்ல, இன்று வாழும் மீன்தான். ஆனால் துடுப்பை ஊன்றித் தரையில் நகர முடியும் என்பதற்கு அது கண்கண்ட சாட்சி. கிள்ளைப் பக்கத்து இருளர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த மீனைப் பற்றி என்னைவிட அதிகம் தெரியும். அன்று அவன்தான் வகுப்புக்கு வாத்தியார்.

"குரங்கிலிருந்து மனிதன் வந்தான்னா, ஏன் சார் இன்னும் குரங்கு இருக்கு?" என்று ஆண்டுதோறும் ஒரு பிள்ளை கேட்கும். குரங்கு நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி என்பேன். ஒரே பாட்டன் வழியில் பிரிந்த இரண்டு வீடு. நம் வீடு இருப்பதால் பங்காளி வீடு இல்லாமல் போகுமா? அதோடு புரிந்துவிடும்.

பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து படித்த ஒரு மாணவி தனியாக வந்து கேட்டாள். "சார், எங்க வீட்ல ஆதம் நபின்னு சொல்லுவாங்க. நான் பரீட்சையில எதை எழுதறது?" "ஆதாரம் என்ன சொல்லுதோ அதைப் புரிஞ்சு எழுதும்மா. எதை நம்புறதுன்னு முடிவு பண்றது உன் உரிமை" என்றேன். இந்து, கிறித்துவர், இஸ்லாமியர், யாராக இருந்தாலும் இதே பதில்தான். பிள்ளையின் நம்பிக்கையைக் கேலி செய்தால் அது அன்றோடு காதை மூடிக்கொள்ளும். அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது. கேலி அதை வளர்க்காது.

ஆனால் எல்லா நம்பிக்கைக்கும் இதே மரியாதை உண்டா? இங்கேதான் நம் ஊர் வகுப்பறை வேறுபடுகிறது. உலகம் எப்படித் தோன்றியது என்ற நம்பிக்கை பக்கத்தில் இருக்கும் பிள்ளையைக் கீழே தள்ளுவதில்லை. தீட்டு என்ற நம்பிக்கை தள்ளுகிறது. தீட்டு என்பது உடலைப் பற்றிய கூற்று. இவர் உடம்பு தூய்மை, அவர் உடம்பு அசுத்தம் என்கிறது. உடலைப் பற்றிப் பேசினால் அது உயிரியலிடம் பதில் சொல்லியாக வேண்டும். நந்தனார் தில்லைக்குள் நுழையத் தீயில் இறங்கி எழ வேண்டியிருந்தது என்கிறது பெரியபுராணம். அந்தத் தீயில் எரிய வேண்டிய அழுக்கு அவர் உடம்பில் எங்கே இருந்தது? 1916இல் இதே சிதம்பரத்தில் சகஜானந்தர் அந்த நந்தனார் பெயரிலேயே கல்விக் கழகம் கண்டார். அரசமைப்பின் 17ஆம் பிரிவு வந்த பிறகு, தீட்டு விஷயத்தில் ஆசிரியர் நடுநிலை வகிக்க இடமில்லை.

மாதவிடாயும் இதில் அடங்கும். அது கருப்பையின் உட்சுவர் உரிந்து வருவது. அதே உட்சுவர்தான் நாம் ஒவ்வொருவரும் கருவில் ஒட்டி வளர்ந்த இடம். இதைப் பெண் பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்துக் கிசுகிசுப்பதைவிட, ஆண் பிள்ளைகளும் இருக்கும் வகுப்பில் இயல்பாகச் சொல்ல வேண்டும். விலக்கி வைப்பவர்களாக நாளை ஆகப்போகிறவர்கள் அவர்களும்தானே.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன்.

அறிவியல் எப்போதும் நம் பக்கம் நின்றதில்லை என்பதை ஒப்புக்கொண்டு தொடங்க வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். சாதிக்கும் உடலுக்கும் கணக்குப் போட்டார். சகஜானந்தர் இங்கே கல்விக் கழகம் கண்ட அதே 1916இல், நியூயார்க்கின் கொலம்பியாவில் இளைஞர் அம்பேத்கர் ஒரு கட்டுரை படித்தார். சாதியின் உயிர்நாடி அகமணமுறை என்றார். 1936இல் இன்னும் தெளிவாக, சென்னையின் பிராமணரும் பறையரும் ஒரே இனத்தவர் என்று எழுதினார். 2013இல் ஐதராபாத் ஆய்வு மையமும் ஹார்வர்டும் சேர்ந்து மரபணுக்களை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டன. சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடையில் இந்த நாட்டு மக்கள் பெருமளவில் கலந்திருக்கிறார்கள். ஒதுங்கி வாழும் குழுக்களிலும் அந்தக் கலப்பு தெரிகிறது. வேலி அதற்குப் பிறகு போடப்பட்டது. சுத்த ரத்தம் என்று எவருக்கும் இல்லை.

அந்த வேலி ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிடக் கூடாது. தலைமுறை தலைமுறையாக ஒரு வட்டத்துக்குள்ளேயே மணம் முடித்தால் சில அரிய ஒடுங்கு நோய்கள் அந்த வட்டத்துக்குள் தங்கிப்போகும். அறுவைச் சிகிச்சையின்போது தரும் ஒரு தசைத் தளர்வு மருந்தை உடம்பு சிதைக்க முடியாமல் போகும் குறைபாடு ஒரு சமூகத்தில் கூடுதலாக இருப்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்தி. அகமணம் பெருமையைக் காப்பதாகச் சொல்கிறார்கள். அது காத்து வைத்திருப்பது இதைத்தான்.

படிப்பு? அதற்கென்று ஒற்றை ஜீன் கிடையாது. பல ஜீன்களும், வயிற்றுக்குக் கிடைத்த சோறும், வீட்டில் எரிந்த விளக்கும், பள்ளியில் கிடைத்த மரியாதையும் சேர்ந்து நடக்கும் விஷயம் அது. வீராணம் ஏரிப் பாசனத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ஒரே விதைநெல்லை மதகை ஒட்டிய வயலிலும் விதைக்கிறோம், கடைமடையிலும் விதைக்கிறோம். கடைமடையில் கதிர் சிறுத்தால் விதையையா குறை சொல்வோம்? தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்போம். "தம்பி, உனக்குத் தண்ணி வந்து சேரலை, விதையில குறையில்லை" என்று அன்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆசிரியராகப் போகும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மரபியல் நடத்தும்போது "உங்க குடும்ப வம்சாவளியை வரைஞ்சு வாங்க" என்று சொல்லாதீர்கள். அந்த வகுப்பில் தத்துப் பிள்ளை இருக்கும். அக்கா மகளை மணந்த தந்தையின் பிள்ளை இருக்கும். சாதி மறுத்து மணந்ததால் தாத்தா வீட்டு வாசலை மிதிக்காத பிள்ளை இருக்கும். வம்சாவளியைக் கற்பனைக் குடும்பமாகப் பலகையில் வரையுங்கள். நெருங்கிய உறவில் மணம் முடித்தால் நோய் வாய்ப்பு கூடும் என்பதை மறைக்க வேண்டாம். எந்தப் பிள்ளையையும் அதற்கு உதாரணமாக நிறுத்தவும் வேண்டாம்.

இயக்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலைநேர வகுப்பு நடத்துகிறீர்கள். கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தருகிறீர்கள், நல்லது. அந்த மூன்று பாடங்களும் பள்ளியில் நடந்ததா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் நீங்கள் நடத்துங்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை விட்ட பாடத்தை வேறு வழியில் படித்துக்கொள்ளும். முதல் தலைமுறைப் பிள்ளைக்குப் பள்ளி சொல்லாததைத் தெரு சொல்லித் தரும். தெருவில் கிடைப்பது சாதியின் உயிரியல்.

அந்தப் பையன் பதினோராம் வகுப்பில் சேரவில்லை. இப்போது எங்கே இருக்கிறானோ தெரியாது. அவனுக்குப் பிள்ளைகள் இருக்கலாம். அவர்களில் ஒருவர் உங்கள் மாலைநேர வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். அதே கேள்வியோடு அந்தப் பிள்ளை எழுந்தால், உட்காரச் சொல்லிவிடாதீர்கள்.