ஆராய்ச்சி மணியின் கயிறு
(சங்கத்தின் ஆண்டு விழாச் சொற்பொழிவு)



கன்றை இழந்த பசு ஒன்று ஆராய்ச்சி மணியை அசைத்து மனுநீதிச் சோழனிடம் முறையிட்ட கதையை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். அந்நாளில் மணியின் கயிறு பசுவின் கொம்புக்கு எட்டியது. மக்களாட்சியிலோ வாக்கே மணி. அதன் கயிறு பசுவுக்கு எட்டுவதில்லை. ஆகவே, வாயில்லா உயிர்களுக்காகப் பரிந்து பேசுவோர் தேர்தல் அரசியலில் எங்கே வெல்கின்றனர், எங்கே தோற்கின்றனர் என்பது குறித்துச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

தேர்தற் களத்தில் விலங்குகள் சின்னங்களாக நெடுநாள் வலம் வந்தவை. காங்கிரஸுக்கு முதலில் இரட்டைக் காளையும், பின்னர்ப் பசுவும் கன்றும் சின்னங்களாயிருந்தன. 1989-ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் சேவலும் இரட்டைப் புறாவும் மோதியமை மூத்தோர் நினைவில் இருக்கும். சின்னத்தின் பெயரால் உயிருள்ள பிராணிகளை ஊர்வலங்களில் வதைப்பதை விலங்கு நல ஆர்வலர் எதிர்த்தனர். 1991-க்குப் பின் புதிதாக விலங்கு, பறவைச் சின்னங்களை வழங்குவதைத் தேர்தல் ஆணையம் நிறுத்திற்று. யானை, சிங்கம் போன்ற பழையன சில எஞ்சின. இதனால் எந்தக் கட்சிக்கும் ஒரு வாக்கும் குறையவில்லை. எனவே வெற்றி எளிதாயிற்று.

பெரிய வெற்றி ஒன்று வாக்குக் கேட்காமலேயே வந்தது. மதுரையிற் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்றார். பிராணிவதையைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதி கூற, அதனைத் திரும்பப் பெற்றார். 1960-இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அம்மையாரே முதல் தலைவர்.

அச்சட்டத்தின் துணைகொண்டு 2014, மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் ஜல்லிக்கட்டையும் மகாராஷ்டிரத்தின் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் ஒருங்கே தடுத்தது. பின்னர் நிகழ்ந்தது என்ன? தமிழகத் தேர்தல் நெருங்கிய 2016 ஜனவரியில் மத்திய அரசு தடையைத் தளர்த்தி அறிவிக்கை வெளியிட்டது. நீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர் வெள்ளம் திரண்டது. கட்சி வேற்றுமையின்றி அனைவரும் ஜல்லிக்கட்டின் பக்கம் நின்றனர். அவ்வாண்டே தமிழகமும், கர்நாடகமும், மகாராஷ்டிரமும் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் திருத்தம் செய்தன. 2023, மே 18-ஆம் நாள் ஐவர் அடங்கிய அரசியல் சாசன அமர்வு அத்திருத்தங்களை ஏற்றது.

நாம் வாழும் இப்புனே மாவட்டத்திலேயே கேட், ஜுன்னர், ஆம்பேகாவ் வட்டாரங்களில் பைல்காடாப் பந்தயம் ஊர்த் திருவிழாவின் உயிர்நாடி. அங்கே வாக்குக் கேட்கச் செல்லும் வேட்பாளர் எவரும் பந்தயம் வேண்டாமென்று சொல்லத் துணியார். அவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. காளையை வளர்ப்போர் ஓரிடத்தில் திரண்டிருக்கின்றனர். காளைக்காக இரங்குவோர் நாடெங்கும் சிதறிக் கிடக்கின்றனர். நெதர்லாந்து நாட்டில் 2002-இல் தோன்றிய விலங்குகளுக்கான கட்சி, 2006-இல் நாடாளுமன்றத்தில் இரண்டு இடங்களைப் பெற்றது. அங்கே நாடு முழுதும் பெற்ற வாக்குகளின் விகிதப்படி இடங்கள் கிடைக்கும். இங்கோ தொகுதியில் முதலாவதாக வருபவருக்கே வெற்றி. சிதறிய கருணை எந்தத் தொகுதியிலும் முதலிடம் பெறாது.

ஜல்லிக்கட்டை நேசிப்போர் இம்மன்றத்திலும் இருப்பர். அவர்தம் அன்பை நாம் ஐயுறவில்லை. ஆனால் ஒன்றை மறுக்கவியலாது: மக்கள் மனத்தை வெல்லாமல் வென்ற சட்டம், மக்கள் வாக்கால் வளைந்தது. நீதிமன்றத்தில் வாதாடிய விலங்கு நேயர், உழவனின் திண்ணையில் அமர்ந்து பேசியது குறைவு. மாட்டுப் பொங்கலன்று நாமும், பைல் போளாவன்று மராத்திய உழவரும் காளைக்கு மாலை சூட்டுகின்றோம். அந்த அன்பிலிருந்து பேச்சைத் தொடங்கினால், சாட்டையும் முள்ளும் வேண்டாமென்று கூறுவது அவர் செவிக்கும் ஏறும் அன்றோ?

நகரவாசிகளாகிய நமக்கும் கடமை உண்டு. தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்விப்பது, விதிகளின்படி உள்ளாட்சியின் பொறுப்பு. அது செவ்வனே நடந்தால் நம் குழந்தைகளும் பிழைப்பர், நாய்களும் பிழைக்கும். நகராட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம் குடிநீரையும் சாலையையும் பற்றிக் கேட்கும் நாம், இதனையும் கேட்கலாகாதா? ஒரு வீடு கேட்டால் வேட்பாளர் நகைத்து நகர்வார். ஒரு குடியிருப்பே கேட்டால் குறித்துக்கொள்வார்.

ஆராய்ச்சி மணியின் கயிறு இன்று நம் கையில் உள்ளது. பசுவுக்காகவும் அதனை ஒருமுறை அசைப்போமாக.