கருவியின் சொல்லும் நம் சொல்லும்



அணுக் கதிர்வீச்சுக்கு நிறமில்லை, மணமில்லை, ஓசையில்லை. அதைப்பற்றி நாம் அறிவதெல்லாம் கருவி கூறும் செய்தியே. அச்செய்தியைப் பிழையின்றி எடுத்துரைப்பது மொழியின் கடமை. ஆதலால், இப்பொருள் இயற்பியலாருக்கு மட்டும் உரியதன்று. மொழி கற்பிக்கும் நமக்கும் உரியது.

எந்தக் கருவியும் கதிரை நேரே காண்பதில்லை. அது பொருளில் விட்டுச்செல்லும் தடத்தையே காண்கிறது. 1896இல் பெக்கெரல், கருந்தாளில் பொதிந்த ஒளிப்படத் தட்டை யுரேனிய உப்பு கருமையாக்கியதைக் கண்டார். அங்கே தடம் ஒரு கறை. 1928இல் கெய்கரும் முல்லரும் உருவாக்கிய குழாயில் தடம் ஒரு மின்துடிப்பு. வளிமம் அடைத்த அக்குழாயின் நடுவே மெல்லிய கம்பி ஒன்று உண்டு. கம்பிக்கும் சுவருக்கும் இடையே பல நூறு வோல்ட்டு மின்னழுத்தம் நிலவும். உட்புகும் கதிர் வளிம அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரித்தால், அது கம்பியை நோக்கி விரைந்து வழியிலுள்ள அணுக்களிலிருந்தும் எலக்ட்ரான்களைப் பிரிக்கும். ஒன்று பல கோடியாகப் பெருகும். அத்துடிப்பே 'டிக்' என்னும் ஒலியாக நம் செவிக்கு எட்டுகிறது.

ஆயினும், அத்துடிப்புகள் யாவும் ஒரே அளவின. கதிர் வந்தது என்று குழாய் கூறும். எத்தகைய ஆற்றலுடன் வந்தது என்று கூறாது. அதனைக் கூறுவது சோடியம் அயோடைடுப் படிகம். கதிர் பட்டவுடன் அது ஒளிரும். ஆற்றல் மிகுந்தால் ஒளியும் மிகும். 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டு ஆற்றலுள்ள காமாக் கதிர் தென்பட்டால், அங்கே சீசியம்-137 இருத்தல் கூடும் என வல்லுநர் உய்த்துணர்வர்.

இனி அலகுகளைக் காண்போம். ஒரு பொருளில் வினாடிக்கு எத்தனை அணுக்கரு சிதைகின்றன என்பதைப் பெக்கெரல் கூறும். ஒரு கிலோகிராம் பொருள் எத்தனை ஜூல் ஆற்றலை ஏற்றது என்பதைக் கிரே கூறும். அதனால் உடலுக்கு நேரக்கூடிய தீங்கைச் சீவெர்ட் கூறும். ஒரே கிரே அளவாயினும், காமாக் கதிரைவிட ஆல்ஃபாத் துகளுக்கு 20 மடங்கு மதிப்புத் தரப்படுகிறது. இம்மூன்றையும் 'கதிர்வீச்சு அளவு' என்னும் ஒரே தொடரால் நாம் எழுதிவருகிறோம். விளைவு என்ன? ஆயிரம் பெக்கெரல் என்றதும் அஞ்சுகிறோம். ஒரு சீவெர்ட் என்றால் சிறிதென எண்ணுகிறோம். உண்மையில், ஒரு சீவெர்ட்டை உடல் ஒரே வேளையில் ஏற்பது நோய்க்குறிகளை உண்டாக்கவல்லது. ஆகவே கதிரியக்கம், உட்கவர் அளவு, விளைவு அளவு என மூன்றையும் பிரித்து வழங்குவோம்.

கருவிக்கு எல்லையும் உண்டு. ஒரு துடிப்புக்குப் பின் கெய்கர் குழாய் நொடிப்பொழுதில் ஒரு சிறுகூறு ஊமையாகும். மிகக் கடுமையான கதிர்வீச்சில் சில கருவிகள் குறைத்தே காட்டும். சிலவற்றின் முள் எல்லையில் நின்றுவிடும். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் நிகழ்ந்தது இதுவே. விபத்து நேர்ந்த முதல் மணிகளில் கைவசம் இருந்த கருவிகள் மணிக்கு 3.6 ரான்ட்ஜன் வரையே காட்டவல்லவை. முள் அங்கே நின்றது. 'குறைந்தது 3.6' என்று சென்றிருக்க வேண்டிய செய்தி, '3.6' என்று மேலிடத்துக்குச் சென்றது. உண்மை நிலையோ அதனினும் பன்மடங்கு கொடியது. கருவி பொய்யுரைக்கவில்லை, 'குறைந்தது' என்னும் ஒரு சொல் விடுபட்டது.

ஆதலின், வகுப்பறையில் ஓர் அளவீடு எதிர்ப்படும்போதெல்லாம் மூன்று வினாக்களை எழுப்பப் பழக்குவோம்: எதை அளந்தது? எந்த அலகில்? எந்த எல்லை வரை? இம்மூன்றுக்கும் விடை தரும் தமிழ்த் தொடரே முழுமையான தொடர். எண்ணை மட்டும் பெயர்த்தெழுதுவது மொழிபெயர்ப்பு ஆகாது.