சலம் சோதித்தால் போதுமா?

(தோட்டக் குடும்பங்கள் நெல்லியடிக்கு வந்திருந்தபோது பேசியது)



பருத்தித்துறை இங்கிருந்து கிட்டத்தான். 2011-இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தே வந்து காசு சேர்த்தார்கள். தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காக. எங்கள் ஆண்களோ ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வெட்கப்படுகிறோம்.

ஐம்பது வயது தாண்டினால், சலப்பைக்குக் கீழே உள்ள புரஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வரலாம். "சலம் சோதிச்சாச்சு, ஒண்ணுமில்லை" என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது சீனியும் கிருமியும் பார்க்கிற சோதனை. இந்தப் புற்றுநோயை அது காட்டித் தராது.

சலத்தில் பார்க்கிற தனிச் சோதனை ஒன்றும் உண்டு. டாக்டர் மலவாசல் வழியாக விரலால் சுரப்பியை அழுத்துவார். பிறகு வருகிற சலத்தில் 'பீ.சீ.ஏ.3' என்ற அடையாளத்தைத் தேடுவார்கள். 2012-இல் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது. சுரப்பியில் சதைத்துண்டு எடுத்துப் பார்த்து நோய் இல்லை என்று வந்தவருக்கு, திரும்பவும் எடுக்க வேணுமா என்று தீர்மானிக்க இது உதவும். அவ்வளவுதான். முடிவு சொல்வது சதைத்துண்டுதான்.

ஆகவே சலம் தடைப்பட்டால், இரவில் அடிக்கடி எழும்பினால், இரத்தம் கண்டால் தோட்ட ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு கேளுங்கள். பலருக்கு அது வயதினால் வருகிற சாதாரண வீக்கம்தான். ஆனால் இந்தப் புற்றுநோய் தொடக்கத்தில் ஒரு குறியும் காட்டாமல் இருக்கலாம். விரல் சோதனை கொஞ்ச நேரம், பீ.எஸ்.ஏ. இரத்தச் சோதனை ஒரு ஊசிக் குத்து.

தாய்மாரே, மறைக்கிற மனுசனைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்!