தரைக்கடியில் ஒரு தீ
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பத்தாம் வகுப்புடன் பள்ளியை விட்டு, ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் எம்மை மேடையேற்றி, பயனுள்ள விஷயம் ஏதேனும் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். இலக்கியம் பேசும் அருகதை எமக்கில்லை. ஆகவே, காஷ்மீரப் பள்ளத்தாக்கில் பணியாற்றிய நாளில் ஒரு பழைய வீட்டின் வெப்ப ஏற்பாட்டைச் செப்பனிட்ட வரலாற்றையே எடுத்துக்கொண்டோம். அதற்கு முன்னுரையாக, மயிரிழையில் உயிர் தப்பிய கதையும் ஒன்றுண்டு.

பனிஹாலுக்கும் காஸிகுண்டுக்கும் இடையே மலையைக் குடைந்த பதினொரு கிலோ மீட்டர் ரயில் குகை 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆயினும் பள்ளத்தாக்கின் இருப்புப் பாதை நாட்டின் பிற பாதைகளோடு இணைந்தது 2025 ஜூனில்தான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், தமிழர் மூவர் பட்காம் நிலையத்தருகே ஒரு பழைய வீட்டின் மாடியறையை வாடகைக்குப் பிடித்துக் குடியிருந்தோம்.

அங்கே டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்களைச் 'சில்லைக் கலான்' என்பர். அதுவே கடுங்குளிர்க் காலம். அதன்பின் இருபது நாட்கள், பின்னும் பத்து நாட்கள் எனக் குளிர் படிப்படியாகவே விடைபெறும். ஸ்ரீநகரில் 1893ஆம் ஆண்டில் பூஜ்யத்துக்குக் கீழே 14.4 டிகிரி வரை குளிர் இறங்கியதாகப் பதிவு உள்ளது. அத்துணைக் குளிரை நாங்கள் காணவில்லை. எனினும் குழாயில் நீர் உறைவதையும், வாளியில் பனிக்கட்டியை உடைத்து முகங்கழுவுவதையும் கண்டோம். மார்கழிக் குளிருக்குத் தலையில் துண்டு கட்டிய எங்கட்கு அது புதிய பாடம்.

முதலாண்டில் 'புகாரி' ஒன்று வாங்கினோம். சென்னையில் அப்பெயரைக் கேட்டால் பிரியாணி நினைவுக்கு வரும். காஷ்மீரத்திலோ அது தகரக் குழாய் பொருத்திய இரும்பு அடுப்பு. விறகோ கரியோ இட்டால் அறை சூடேறும். புகை குழாய் வழியே வெளியேறும். குழாயின் ஓர் இணைப்புத் துருப்பிடித்திருந்ததை நாங்கள் பொருட்படுத்தவில்லை. குளிர் புகாதிருக்கச் சன்னல்களைப் பிளாஸ்டிக் தாளால் ஒட்டியும் விட்டோம். கெட்டிக்காரத்தனம் என்று எண்ணிச் செய்த அச்செயலே எமனுக்கு விடுத்த அழைப்பாயிற்று.

ஓரிரவு மூவரில் ஒருவர் இரவுப் பணிக்குச் சென்றிருந்தார். மற்ற இருவரும் கரியை நிரப்பிவிட்டு உறங்கினோம். நள்ளிரவில் தலை பிளப்பது போன்ற வலி. எழ முயன்றால் முழங்கால்கள் மடிந்தன. கூவ முயன்றால் குரல் எழவில்லை. விடியுமுன் பணி முடித்துத் திரும்பிய நண்பர் கதவைத் தட்டிப் பார்த்து, தாழை உடைத்து, இருவரையும் பனி கொட்டிக் கிடந்த தாழ்வாரத்துக்கு இழுத்து வந்திராவிடில், இன்று இம்மேடையில் பேச ஆளிருந்திராது. மருத்துவமனையில் பிராணவாயு கொடுத்த பின்னரே தெளிவு பிறந்தது.

அன்பர்களே! நெருப்பில்லாமல் புகையாது என்பது நம் பழமொழி. புகையாமலே கொல்லும் நெருப்பும் உண்டு என்பதை அன்று அறிந்தோம். போதிய காற்றின்றிக் கரி எரியுமாயின் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட பற்றுடன் இவ்வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. உறங்குபவர் உறக்கத்திலேயே மாள்வர்.

செய்தி கேட்டு ஓடிவந்த வீட்டுக்கார முதியவர் எங்களைக் கடிந்துகொண்டார். "வீட்டுக்கு அடியில் நெருப்பு இருக்கட்டும், பிள்ளைகளே, வீட்டுக்குள் வேண்டாம்" என்றார். பின்னர்க் கீழ்த்தளத்தில் பல்லாண்டுகளாகப் பூட்டிக் கிடந்த அறையொன்றைத் திறந்து காட்டினார். அதுவே அவ்வீட்டு 'ஹமாம்'.

ஹமாம் என்றால் நமக்குச் சோப்பு. அவர்களுக்கோ அது வெந்தரை அறை. சிறு கல் தூண்களின்மேல் கற்பலகைகளைப் பரப்பித் தரை அமைப்பர். அடியிலுள்ள வெற்றிடத்தில் வெளியிலிருந்து விறகிட்டு எரிப்பர். அனலும் புகையும் தரைக்கடியில் தவழ்ந்து, சுவரிலுள்ள புகைபோக்கி வழியே மேலேறும். தீயின்மேல் பதித்த செப்புக் கொப்பரையில் வெந்நீர் எப்பொழுதும் இருக்கும். ஒருமுறை சூடேறிய கல், தீ அணைந்த பின்னும் நெடுநேரம் வெப்பம் தரும். பண்டை ரோமாபுரியிலும், கொரியாவிலும் இத்தகைய ஏற்பாடே இருந்தது. கொரியாவில் தரைக்கடியில் கரிக்கட்டிகளை எரிக்கத் தொடங்கிய பின், தரை வெடிப்புகள் வழியே இதே நச்சுவாயு கசிந்து பலர் மாண்டனர். பின்னர் அனலுக்குப் பதிலாக வெந்நீர்க் குழாய்களைத் தரையில் பதித்தனர்.

முதியவரின் ஹமாம் பூட்டப்பட்டதற்கும் காரணம் தரை வெடிப்பே. விறகும் வண்டி வண்டியாகச் செலவாயிற்றாம். மின்சாரக் கம்பிகளைத் தரையில் பதிக்கலாம் என்றார் எங்களில் ஒருவர். காஷ்மீரத்து மின்சாரம் பெரும்பாலும் நீர் மின்சாரம். குளிர்காலத்தில் ஆறுகள் மெலியும்போதே தேவை பெருகும். வேண்டும்போது கைவிடும் துணை துணையாகுமா? ஆகவே பழையதையே செப்பனிடுவதென முடிவாயிற்று. செலவில் பாதி முதியவருடையது. மறுபாதியை நாங்கள் கொடுத்து வாடகையில் கழித்துக்கொண்டோம்.

கோடையில் கொத்தனார் வந்தார். கற்பலகைகளைப் பெயர்த்து, மட்டம் பார்த்து, இணைப்புகளைப் புதுக் காரையால் அடைத்தார். புகைபோக்கியில் அடைந்திருந்த கரியை வாரினார். அடுப்பு வாய்க்கு இரும்புக் கதவிட்டு, காற்றைக் கூட்டவும் குறைக்கவும் துளை வைத்தார். கொப்பரைக்கு ஈயம் பூசுவித்தோம். பின்னர் அடியில் ஈர வைக்கோலைக் கொளுத்தி, அறைக்குள் எங்கேனும் புகை கசிகிறதா என்று நால்வரும் தரையில் மண்டியிட்டுத் தேடினோம். இரண்டிடங்களில் கசிந்தது, அவற்றையும் அடைத்தோம்.

இவையனைத்தினும் பெரும்பயன் தந்தது வேறொன்று. கூரைத் தளத்தின்மேல் கண்ணாடிப் பஞ்சுப் பாய்களைப் பரப்பி, சன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி இட்டோம். ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்றதே, வெப்பம் ஒழுகும் வீட்டில் விறகெரிப்பது. இங்கிலாந்தில் கொதிகலனும் வெந்நீர்ப் பலகைகளும் கொண்ட பழைய வீடுகளைப் புதுப்பிப்போர்க்கும் கூறப்படும் அறிவுரை இதுவே: முதலில் ஒழுக்கை அடை, பின்னர் அடுப்பை மாற்று. அடுத்த குளிர்காலத்தில் முதியவர் குடும்பமும் நாங்களும் அவ்வறையில் ஒன்றாக அமர்ந்து தேநீர் பருகினோம். வாங்கிய விறகில் ஒரு பகுதி வசந்தத்திலும் மிஞ்சி நின்றது. நச்சுவாயுவை அறிவிக்கும் சிறு மணிக்கருவி ஒன்றும் சுவரில் மாட்டினோம். அது ஒருநாளும் ஒலிக்கவில்லை. அதனினும் இனிய மௌனத்தை நாங்கள் கேட்டதில்லை.

இக்கதை காஷ்மீரத்துக்கு மட்டும் உரியதன்று. வட இந்தியக் குளிரில் வாழும் நம் இல்லங்களிலும் கணப்புச் சட்டியை அறைக்குள் வைத்து உறங்குவோர் உளர். காற்றோட்டமற்ற குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கருவியை மாட்டியோரும் உளர். அவ்வாயு அங்கும் பிறக்கும். தாய்மார்கள் இன்றிரவே வீடு சென்று பாருங்கள். சன்னலில் ஒரு விரற்கடை திறந்திருக்கட்டும். அடுப்பு மூட்டிய அறையில் தலைவலி கண்டால் மாத்திரை தேடாதீர்கள். முதலில் வெளியே வாருங்கள்.

கதவைத் தட்ட நண்பர் ஒருவர் வருவார் என்ற நம்பிக்கையில் எவரும் உறங்க வேண்டா. எங்கட்கு வாய்த்தது எல்லார்க்கும் வாய்க்காது.