தேடுற வேலையைப் பிள்ளைகிட்ட கொடுங்க

உங்க வீட்ல ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை இருக்கா? இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

பள்ளியில் புராஜெக்ட் கொடுத்தால் என்ன செய்கிறோம்? போனில் தேடி, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, ஒட்டி அனுப்புகிறோம். மார்க் வந்துடும். பிள்ளை ஒரு வரிகூடப் படிச்சிருக்காது.

கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், முதல் தளத்தில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. ஒரு சனிக்கிழமை கூட்டிட்டுப் போங்க. ஆனா தேடுற வேலையை நீங்க செஞ்சுடாதீங்க.

தலைப்பு, பெசன்ட் நகர் கடற்கரைக்கு வரும் கடலாமைகள் என்று வைத்துக்கொள்வோம். நூலகத்தில் ஒரே பொருள் பற்றிய நூல்கள் அடுத்தடுத்து இருக்கும். தேடிப்போன புத்தகத்துக்குப் பக்கத்திலேயே தேடாத ஒன்றும் கண்ணில் படும். பிள்ளை பொருளடக்கம் பார்க்கட்டும். நூல் பெயர், ஆசிரியர், பக்க எண்ணைக் குறிக்கட்டும். புத்தகத்தை மூடிவிட்டு, புரிந்ததை ஐந்து வரி சொந்தமா எழுதட்டும்.

போக முடியாத நாளில், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை உங்க போனிலேயே இலவசமா படிக்கலாம்.

அரசுப் பள்ளியில் நூலகப் பீரோ பூட்டியே இருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்க. 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி, பொது நூலகங்களுக்காக வரி கட்டி வருகிறோம். அந்தப் புத்தகங்கள் நம்ம பிள்ளைங்க கைக்கு வரட்டும்.